தீவுக்கு வந்த தலையணை

அந்தத் தீவில் எலி இல்லை என்று சொல்வதற்காகவே ஒரு மனிதரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதுதான் அவருடைய உத்தியோகம். கரையிலிருந்து படகில் இரண்டு நாள் பயணம். போனால் ஒரு கட்டடம், ஒரு மழைநீர்த் தொட்டி, ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு காவல்காரர். வேறு ஈ காக்கை கிடையாது என்று சொல்ல வந்தேன். ஈ இருந்தது, காக்கைதான் இல்லை.

காலையில் எழுந்து அவர் தீவைச் சுற்றுவார். கரையோரத்திலும் புதருக்குள்ளும் நூற்று நாற்பது குச்சிகள் நட்டிருந்தார்கள். குச்சிக்கு ஒன்றாக, வேர்க்கடலை கலந்த மெழுகுக் கட்டி. எலி என்று ஒன்று இருந்துவிட்டால் அந்த வாசனைக்கு வந்து ஒரு வாய் கடிக்காமல் போகாது. நண்டு கிள்ளினால் கட்டி பொடிப்பொடியாக உதிரும். எலி கடித்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு விழும். அந்த இரட்டைக் கோட்டைத்தான் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வயர்லெஸ்ஸைத் திறந்து கரையிலுள்ள அலுவலகத்துக்கு, “ஒண்ணுமில்ல” என்று சொல்வார். அந்தக் கடலில் ஓடும் படகுகளுக்கெல்லாம் அதே அலைவரிசைதான். இரண்டு வருஷமாக இந்த ஒரே வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு ‘ஒண்ணுமில்ல அண்ணன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எதற்கு இத்தனை கெடுபிடி என்றால், காரணம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒதுங்கிய ஒரு கப்பல் அங்கே எலியை இறக்கிவிட்டுப் போயிருந்தது. மண்ணில் பொந்து தோண்டி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டையிடும் கடற்பறவைகள் அந்தத் தீவில் ஆயிரக்கணக்கில் இருந்தனவாம். அவ்வளவையும் எலி தீர்த்துவிட்டது. பறவை போனதும் சுற்றியிருந்த பவளப்பாறையும் மெலிந்தது. ஏனென்றால் பறவை தூரக் கடலில் மீனைத் தின்றுவிட்டுத் தீவில் எச்சமிடும். மழை அந்த எச்சத்தைக் கழுவி உப்பங்கழியில் இறக்கும். பாறைக்கு அதுதான் எரு. எலியை மருந்து வைத்து ஒழிக்கவே பல வருஷம் பிடித்தது. ஒழித்த பிறகு, போன பறவை ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் பதினோரு பொந்து, ஒன்பது குஞ்சு. ஆயிரத்துக்கு முன்னால் ஒன்பது எந்த மூலைக்கு என்று கேட்கலாம். காவல்காரரிடம் கேட்டால் அடிக்க வருவார்.

விதி இதுதான். தொடர்ந்து எழுநூற்று முப்பது நாள் ஒரு பல்குறி, ஒரு கால்தடம், ஒரு புழுக்கைகூட இல்லாமல் கழிய வேண்டும். கழிந்தால் தீவு சுத்தம் என்று முத்திரை வைப்பார்கள். அப்புறம் அங்கே ஆள் தங்கத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தால் போதும். காவல்காரர் வீட்டுக்குப் போகலாம். நடுவில் ஒரே ஒரு குறி தென்பட்டாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

முதல் வருஷம் அவருக்கு ஒரு மாத விடுப்பு கொடுத்து, பதிலுக்கு ஓர் இளைஞரை அனுப்பினார்கள். பதினோராம் நாளே அந்தப் பிள்ளை வயர்லெஸ்ஸில் ஓவென்று அழுதுவிட்டது. காவல்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி வீட்டிலிருந்து கிளம்பி வந்தார். அதற்குப் பிறகு வேறு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கத் தயாராக இல்லை.

தனிமை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு அது எப்படி இருந்தது என்றால், அறையில் இரண்டு நாற்காலி இருந்தன. ஒருநாள் ஒன்றில் உட்கார்ந்திருந்தவர், தண்ணீர் குடிக்க எழுந்தபோது எதிர் நாற்காலியைப் பார்த்து, ‘இரு, வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் வெட்கமாகிவிட்டது. அந்த நாற்காலியைச் சாமான் அறையில் கொண்டுபோய்ப் போட்டார். மறுநாள் அறை இன்னும் காலியாகத் தெரியவே, திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிடம் மனைவியோடு பேச்சு. அலுவலகத்தில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள், வீட்டுத் தொலைபேசியை இழுத்துக் கோத்துவிடுவாள். நல்ல மனுஷி. ஆனால் அலைவரிசை எல்லோருக்கும் பொது. இருபது படகு காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அதில் புருஷனும் பெண்டாட்டியும் என்னத்தைப் பேசுவது? கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி பேசுவார்கள். மழை பெய்ததா, பெய்தது. மாடி வீட்டுக் குழாய் சரியாகிவிட்டதா, ஆகிவிட்டது. அவள் ஒரு துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் வேலை பார்த்தாள். இரண்டு அறை வீடு, பிள்ளைகள் இல்லை. அவளுக்கும் ஒரு நாற்காலி காலிதான். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு அவருக்கு வாய் நழுவிவிட்டது. தூக்கமே வருவதில்லை, இந்த ரப்பர்த் தலையணையில் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்றார். ஏதோ ஒரு படகில் எவனோ சிரித்தான். அவள் பேச்சை மாடி வீட்டுக் குழாய்க்கு மாற்றினாள். அடுத்த சாமான் படகில் வீட்டுத் தலையணை வந்து இறங்கியது. இலவம்பஞ்சுத் தலையணை, கட்டிலில் அவர் பக்கம் கிடக்கும் தலையணை.

இந்த இடத்தில்தான் நம் ஆள் தப்பு செய்தார்.

தீவில் எது வந்து இறங்கினாலும் முதலில் ஓர் அறைக்குள் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. சுவரும் தரையும் வெள்ளை, மூலைகூட வளைத்துப் பூசியிருக்கும், எதுவும் பதுங்க இடமில்லாமல். கதவுக்கடியில் எறும்பு நுழையாதபடி ரப்பர் பட்டை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான், சாமான் வரும் டிரம்மின் மூடியைத் திறக்க வேண்டும். துணி, பஞ்சு என்றால் இன்னும் ஒரு படி மேலே: மூன்று நாள் உறைபெட்டியில், அதாவது ஃப்ரீசரில், கிடக்க வேண்டும். ஏற்கெனவே மீன் கிடந்த பெட்டி.

இரண்டு வருஷத்தில் ஒரு தீப்பெட்டியைக்கூட அவர் வெளியே பிரித்தவரில்லை. அன்றைக்கு அந்த அறையின் வாசலிலேயே டிரம்மின் மூடியை லேசாகத் திறந்ததும், தலையணையிலிருந்து வீட்டு வாசனை வந்தது. அவள் தலையின் வாசனை, தையல் மெஷின் எண்ணெய், துவைத்த பருத்தி, எல்லாம் கலந்த ஒன்று. மூன்று நாள் மீன் பெட்டியில் போட்டு எடுத்தால் இதில் என்ன மிஞ்சும்? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள். இவருக்கு யார் இருந்தார்கள்? தலையணையை எடுத்துக்கொண்டு நேரே தன் கட்டிலுக்குப் போனார். முகத்தை அதில் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். அப்புறம் படகுக்காரருக்கு உதவியாக எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். தலையணை ஓரத்தில் விரல் நுழைகிற அளவு ஒரு பிளவு, கட்டிலில் கொஞ்சம் பஞ்சு. பழைய துணி, வழியில் கிழிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கிளம்பும்போது படகுக்காரர், தலையணையை அந்த அறையில்தானே பிரித்தீர்கள் என்று கேட்டார். பின்னே வேறெங்கே என்று இவர் சொன்னார். அன்றைக்கு அறுநூற்றுத் தொண்ணூறாம் நாள். அன்று நன்றாகத் தூங்கினார்.

எழுநூற்று இரண்டாம் நாள் காலை, கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பதினேழாம் குச்சியில் இரட்டைக் கோடு இருந்தது.

ஊசியால் கீறிய மாதிரி மெல்லிய கோடு. பெரிய எலிப் பல் இல்லை, சுண்டெலிப் பல். அவர் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் அப்படியே நின்றார். அப்புறம் ஓடினார், ஓடிப்போய்த் தலையணையைக் கிழித்துக் கொட்டினார். பஞ்சுக்கு நடுவே உள்ளங்கை அளவு உருண்டையாக ஒரு குழி, அதில் கறுப்பாகப் புழுக்கை. பஞ்சோடு கிடக்கும் இலவ விதைகளெல்லாம் கொறித்து உமியாகக் கிடந்தன. வழி முழுக்கச் சாப்பாட்டோடு, மெத்தை போட்டு, முதல் வகுப்பில் வந்திருக்கிறது மகராசி. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஓணானைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் மனிதர்.

இன்னும் இருபத்தெட்டே நாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? சொன்னால் பூஜ்யம். அதாவது இன்னும் இரண்டு வருஷம், அந்த இரண்டு நாற்காலியோடு. சொல்லாவிட்டால் இருபத்தெட்டு நாளில் முத்திரை, வீடு, மனைவி. அடுத்தவர்கள் வந்து பார்ப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். சுண்டெலி எங்கிருந்து வந்தது என்று அப்போது யார் கண்டது?

சாயங்காலம் ஐந்து மணிக்கு வயர்லெஸ் அம்மாள் கூப்பிட்டபோது, “ஒண்ணுமில்ல” என்றார். குரல் ஒரு பிசிறுகூட இல்லாமல் வந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

தானே பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார், பாவம். பிடித்துக் கடலில் எறிந்துவிட்டால் சொல்வதற்கே ஒன்றுமில்லையே என்பது அவருடைய நியாயம். சாமான் அறையிலிருந்த இருபது பொறிகளையும் வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் சங்கைச் சுமக்கும் நண்டின் கால்கள் இரண்டு பொறியில் இருந்தன. அதற்கடுத்த நாள் ஒரு பல்லியின் வால். பொறியை நண்டுக்கு எட்டாமல் மேடை கட்டி வைத்தார், கடலையை மாற்றித் தேங்காய்ச் சில்லு வைத்தார், வாசலில் மாவைத் தூவிக் கால்தடம் தேடினார். நாலாம் நாள் மாவில் தடம் இருந்தது, பொறியில் ஒன்றுமில்லை. சுண்டெலிக்கு மூன்று வாரத்தில் ஆறு குட்டி, அந்த ஆறும் இரண்டு மாதத்தில் தாயாகிவிடும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பூசணிக்காய் குட்டி போடாது.

இடையில் ஒரு ஞாயிறு வந்தது. இன்னும் எத்தனை நாள் என்று தன் காலண்டரில் கோடு போட்டு வைத்திருப்பதாக மனைவி சொன்னாள். தலையணை சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார். அந்த ஐந்து நிமிடம் அவருக்கு முடிவதாகவே இல்லை.

ஆறாம் நாள் காலை பொந்துகளைப் பார்க்கப் போனார். நாலாம் பொந்தில் கைவிளக்கை அடித்தால் தாயும் குஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. குஞ்சு சாம்பல் நிறத்தில் பஞ்சுருண்டை மாதிரி இருக்கும். அது முதுகைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. முதுகில் தோல் இல்லை. கொறித்திருந்தது. உயிரோடு கொறித்திருந்தது. தாய் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்குத் தைரியம் இல்லாமல் இல்லை. காவல்காரர் கையை விட்டால் ரத்தம் வரக் கொத்துகிற பறவை அது. சுண்டெலி என்றால் என்னவென்று அதன் வம்சத்துக்கே தெரியாது, அவ்வளவுதான். பிள்ளையின் முதுகில் ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்து தின்கிறது, இதை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

பொந்தின் வாசலில் உட்கார்ந்து அவர் அழுதார். அடப்பாவி, அடப்பாவி என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். ஆறு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குப் பலன் கண்ணெதிரே இருந்தது. குஞ்சு மத்தியானத்துக்கு முன் செத்துப்போனது. மற்ற பொந்துகளைப் பார்த்தார். முந்தின வாரம் குஞ்சு இருந்த ஒன்பதாம் பொந்து காலியாக இருந்தது.

ஐந்து மணிக்கு வயர்லெஸ் அம்மாள், “அண்ணே, இன்னிக்கும் ஒண்ணுமில்லதானே? எழுதிக்கிட்டேன்” என்றாள்.

“எழுதாதம்மா,” என்றார். “பெரியவரக் கூப்பிடு. இங்க சுண்டெலி இருக்கு.”

அலுவலகத்துப் பெரிய அதிகாரி ஓட்டமாக வந்து மைக்கைப் பிடித்தார். எந்தக் குச்சி, எத்தனை கோடு, எத்தனை குஞ்சு என்று கேட்டு எழுதிக்கொண்டார். எழுதும்போதே அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. எலியை ஒழிக்கத் தொடங்கியதிலிருந்து ஒன்பது வருஷப் பாடு அவருடையதும்தான். இது படகிலிருந்துதான் வந்திருக்கும், வேறு வழியே இல்லை, நாளைக்கே அந்தப் படகை நிறுத்துகிறேன், இனி அந்த ஆள் எந்தத் தீவுப் பக்கமும் போக முடியாது என்றார்.

படகுக்காரரும் அப்போது எங்கோ கடலில் வயர்லெஸ்ஸைத் திறந்து வைத்திருந்தார். தன் படகிலிருந்து எதுவும் இறங்கவில்லை, டிரம்மைத் தன் கையாலேயே மூடினேன் என்று மட்டும் சொன்னார். பின்னே ஆகாயத்திலிருந்தா குதித்தது என்று அதிகாரி சீறினார். தலையணை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகுக்காரர் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பழி வந்த இடம் வாயை மூடிக்கொண்டு, பாவம் செய்த இடம் பேசட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. காவல்காரருக்கு அந்த மௌனம் நன்றாகக் கேட்டது.

“சார், அவர விட்டுடுங்க. என் வீட்லேர்ந்து ஒரு தலகாணி வந்துச்சு, அதுக்குள்ள இருந்திருக்கு. அந்த ரூம்ல நான் பிரிக்கல. கட்டில்ல வெச்சுட்டேன். குறி பாத்து ஆறு நாள் ஆச்சு. ஆறு நாளும் பொய் சொன்னேன்.”

“எதுக்குய்யா? ஃப்ரீசர்ல மூணு நாள் போட உனக்கு என்ன வந்துச்சு?”

இருபது படகு கேட்டுக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டேன் என்றாவது.

“வாசம் போயிடும்னு, சார்.”

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி, நாளைக்குப் புறப்பட்டு ஆட்கள் வருவார்கள், அதுவரை எதையும் தொடாதே என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாலு பேர் வந்தார்கள், எலி மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஒரு குட்டை நாயும் வந்தது. தீவை அலசு அலசென்று அலசினார்கள். வெட்கம் கெட்ட மனசு, அதை என்ன சொல்ல? இத்தனை அவமானத்துக்கும் நடுவில் காவல்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையில் எழுந்தால் யாராவது பல் விளக்குகிற சத்தம். குறட்டைச் சத்தம். உப்பு எங்கே என்று கேட்கிற சத்தம். இரண்டு நாற்காலி போதாமல் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். நாய் அவர் கட்டிலுக்கடியில்தான் படுத்துக்கொள்ளும். அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

மூன்றாம் நாள் நாய், சாமான் அறையில் பேட்டரிகளுக்குப் பின்னால் மூக்கை வைத்து அசையாமல் நின்றது. அங்கே கூடு இருந்தது. தாயும், கண் திறக்காத ஐந்து குட்டிகளும். தீவுக்கு வரும்போதே வயிற்றில் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. குழுவின் தலைவர் உறை போட்ட கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். ரோஜா நிறத்தில் விரல் நுனி அளவுக்கு இருந்த அந்தக் குட்டிகளைப் பார்க்கவும் காவல்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதுகள் என்ன செய்யும், வரவழைத்தவர் அவர். ஆனாலும் பையை அவர்தான் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் வேறெங்கும் குறி இல்லை. அவர்கள் வருவதற்குள் இன்னொரு குஞ்சும் போயிருந்தது; பொந்துகளில் ஆறு மிஞ்சியிருந்தன. நாயையும் கூட்டிக்கொண்டு அவர்கள் படகேறினார்கள். வாளியை அவர் நிமிர்த்தி வைத்தார்.

அன்று மாலை அதிகாரி கூப்பிட்டார். கோபம் ஆறியிருந்தது. தப்பைத் தப்பு என்றே எழுதிவிட்டதாகச் சொன்னார். அதற்காக உன்னை அங்கிருந்து எடுக்கப் போவதில்லை, எடுத்தால் போட வேறு ஆளில்லை என்றார். அதைத் தண்டனை என்று சொல்வதா, மன்னிப்பு என்று சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. இருக்க முடியாது என்றால் ஒரு கடுதாசி எழுதிக் கொடு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கட்டடத்தைப் பூட்டிவிட்டுக் கேமராவை மாட்டி வைப்போம், வேறென்ன செய்வது என்றார். ஒரு குட்டி தப்பியிருந்தால் கேமரா பார்க்குமா என்று காவல்காரர் கேட்டார். பார்க்காது என்று அதிகாரி சொன்னார். ஞாயிறு வரை யோசித்துச் சொல் என்றார்.

அவர் யோசித்தார் என்று சொல்ல முடியாது. மனைவியிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். குச்சிகளைப் பார்க்கப் போகும்போது சொல்லிப் பார்த்தார், பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் இரண்டு வருஷம் இரண்டு வருஷமாகவே இருந்தது.

ஞாயிறு அவளே முந்திக்கொண்டாள். படகுக்காரர் வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லிவிட்டாராம். நல்ல மனுஷர், தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டே சொன்னாராம்.

“தலகாணி ஓரத்துல ஒரு பொத்தல் இருந்துச்சு,” என்றாள். “துணி பழசாயிடுச்சுன்னு நெனச்சு ரெட்டைத் தையல் போட்டேன். உள்ள கை விட்டுப் பாக்கல. நான்தான் அத உள்ள வெச்சுத் தெச்சு அனுப்பியிருக்கேன்.”

ஊருக்கே கேட்கும்படி இதைச் சொல்ல அவளுக்கு எப்படி மனசு வந்தது? நீ என்ன கண்டாய், நான் அந்த அறையில் வைத்திருந்தால் அது அங்கேயே செத்திருக்கும், இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்று என்னென்னவோ சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். முதல் நாளிலிருந்து என்று சொன்னார். கடுதாசி கொடுத்தால் வந்துவிடலாம் என்பதையும் சொன்னார். ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

அவள் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

“இன்னும் ரெண்டு வருஷம் என்னால முடியாது,” என்றாள். “எல்லாரும் கேக்கறாங்கன்னு தெரியும். கேக்கட்டும். வீட்டுக்கு வந்தா பேச ஆள் இல்ல. கடையில பேசினத அப்படியே தூக்கிட்டு வந்து சுவத்துக்கிட்ட சொல்றேன். என்னால முடியாது.”

இரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதே இல்லை. காவல்காரர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

“சரி. எழுதிக் குடுத்துட்டு அடுத்த படகுல வந்துடறேன்.”

“நீங்க வந்துட்டா அங்க யாரு பாப்பாங்க?”

“யாரும் இல்ல. பூட்டிடுவாங்க.”

“அந்தக் குஞ்சுங்க?”

“ஆறு இருக்கு. பறக்க இன்னும் ஒரு மாசம் ஆகும். அப்புறம் அடுத்த வருஷம் திரும்பப் பெருசுங்க வரும்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது; வயர்லெஸ் அம்மாள் இணைப்பைத் துண்டிக்கவில்லை, எந்தப் படகும் குறுக்கே வரவில்லை. வந்துவிடுகிறேன், வந்துவிடுகிறேன் என்று அவர் மறுபடியும் சொன்னார்.

“நான் முடியாதுன்னுதான் சொன்னேன்,” என்றாள் அவள். “வாங்கன்னு சொல்லல.”